ஏரியில் துடுப்புப் போட்டவர்கள் கடலுக்குப் போன கதைகள் – அனுபவப் பகிர்வு

சிம்ஸ்பூங்கா பக்கத்து வீடு (குன்னூர்)

மூன்று வருடமாக மனதில் கிடக்கிறது, யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கடற்கரை ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே எல்லோரும் மலைக்காரர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்.

கொச்சியிலிருந்து கோவாவுக்கு ஒரு பாய்மரப் படகைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 32 அடி. கல்லூரி நண்பனுடைய மைத்துனரின் படகு. "மூணு பேர் இருந்தா போதும், நீ சும்மா கூட வா" என்றார்கள். என் தகுதி: ஊட்டி ஏரியில் துடுப்புப் படகு, பைக்காராவில் வேகப்படகில் பின்சீட்டு, அப்புறம் யூடியூபில் ராத்திரி ராத்திரியாகப் பார்த்த வீடியோக்கள். அந்த வீடியோக்களைப் பார்த்தே சாமான்களை எல்லாம் வாங்கிவிட்டேன். தண்ணீரில் விழுந்தால் தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட், அதோடு தைத்த ஹார்னஸ் என்ற உடம்பு வார், அந்த வாரைப் படகோடு பிணைக்கக் கொக்கி வைத்த டெதர் பட்டை. ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போனது.

இரண்டாவது ராத்திரி. மங்களூர் விளக்குகள் வலது பக்கம் தூரத்தில். காற்று நேர் எதிரே. நான் கீழே படுத்திருந்தேன், உள்ளே டீசல் நாற்றம். வயிறு புரட்டியது. வாளி எங்கே என்று கேட்க வெட்கம். எழுந்து மேலே ஓடி, சாய்ந்திருந்த பக்கத்துக் கம்பிமேல் கவிழ்ந்தேன். படகு ஒரு அலையிலிருந்து சடாரென்று இறங்கியது. என் இரண்டு காலும் தளத்தை விட்டு எழும்பியது தெரிந்தது. பேன்ட் பெல்ட்டில் ஒரு கை விழுந்தது. உள்ளே இழுத்துப் போட்டது.

சுக்கானில் இருந்தவர்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் பட்டையிலிருந்த இரண்டாவது கொக்கியைக் கழற்றி என் பெல்ட்டில் மாட்டிவிட்டு மறுபடியும் திசைகாட்டியைப் பார்க்க ஆரம்பித்தார். நான் கீழே எட்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்பு விளக்கு. என் ஹார்னஸ் ஆணியில் தொங்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. விலைச்சீட்டைக்கூட நான் கிழித்திருக்கவில்லை.

விடிந்த பிறகு டீ கொடுத்துவிட்டுக் கேட்டார்: "நீச்சல் தெரியுமா?"

கிளம்பும்போது அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குன்னூரில் பிறந்தவனுக்கு நீச்சல் எங்கிருந்து வரும்? வாளித் தண்ணீரையே வெந்நீர் கலந்துதான் தொடுவோம். "கொஞ்சம் தெரியும்" என்று பொய் சொன்னேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. விழப் பார்த்ததைவிட அந்தப் பொய்.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?


ஏரிச்சாலை சைக்கிள் கடை (கொடைக்கானல்)

சார், நான் கடலுக்குப் போனதில்லை. ராமேஸ்வரத்தில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் எனக்கும் ஒன்று உறுத்துகிறது.

போன குளிர்காலத்தில் இரண்டு பையன்கள் ஒரு வாரம் தொடர்ந்து வந்தார்கள். காலை ஏழு மணிக்கு என்னிடம் சைக்கிள் எடுத்து ஏரியை ஒரு சுற்று சுற்றுவார்கள், ஐந்து கிலோமீட்டர். அப்புறம் படகுத்துறை திறந்ததும் துடுப்புப் படகு எடுத்து மத்தியானம் வரைக்கும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். தேனிலவு ஜோடிகள் அரை மணி நேரத்தில் கை வலிக்கிறது என்று திரும்பிவிடும் ஏரி அது. இவர்களுக்கு என்ன வெறி என்று கேட்டேன். "அண்ணே, நாகப்பட்டினத்துலேர்ந்து அந்தமான் போறோம். பழைய ஃபைபர் படகு ஒண்ணு வாங்கிப் பாய் கட்டியிருக்கோம்" என்றான் உயரமானவன்.

எங்கள் ஏரி 1863-இல் லெவிஞ்சு துரை ஓடையைத் தடுத்துக் கட்டியது. மொத்தமே 60 ஏக்கர். எந்த இடத்தில் நின்றாலும் கரை தெரியும், சோளக்கருது விற்கிறவர் தெரிவார். இதில் பழகி அந்தமானா என்று மனதுக்குள் நினைத்தேன், வெளியே சொல்லவில்லை. வாடிக்கையாளர்.

கடைசி நாள் இரண்டு ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் கொண்டுவந்தார்கள். ஏதோ பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கியதாம். துணி வெளுத்து, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு அப்பளம் மாதிரி அமுங்கிப்போயிருந்தது. உயரமானவன் கடை முன்னாலேயே மாட்டிக்கொண்டு, "எப்படி இருக்குண்ணே?" என்றான். மற்றவன் விளையாட்டாகப் பின்னாலிருந்து ஜாக்கெட்டின் இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கினான். ஜாக்கெட் மட்டும் எழும்பிக் காதுக்கு மேலே போய்விட்டது. முகத்தைக் காணோம். உச்சிமுடி மட்டும் தெரிந்தது, ஆமை தலையை இழுத்துக்கொண்ட மாதிரி. மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். "சூப்பர் தம்பி, போயிட்டு வாங்க" என்றேன்.

ராத்திரி சாப்பிடும்போது இதை வீட்டில் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "தண்ணியும் அப்படித்தானே தூக்கும்?" என்றாள்.

அப்புறம் அவர்கள் வரவில்லை.


கோத்தகிரி கப்பல்காரன்

இரண்டு கதையும் படித்தேன். குன்னூர்க்காரருக்கு முதலில் ஒன்று: உங்கள் படகுத் தலைவர் செய்தது பெரிய தப்பு. நீச்சல் தெரியுமா, வாந்தி வருமா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா, இந்த மூன்றையும் கயிறு அவிழ்க்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும். பெல்ட்டைப் பிடித்ததற்காக அவரைத் தெய்வமாக்க வேண்டாம்.

என் கதை சின்னது. சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலைக்குப் போகும் முன் சென்னையில் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. அதில் நீச்சல் குளத்தில் ஒரு நாள். எனக்கும் நீச்சல் தெரியாது. உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். ஒரு கை மூக்கையும் வாயையும் மூடும், மற்றொரு கை ஜாக்கெட்டைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கும், கால்களைப் பின்னிக்கொண்டு நேரே பார்த்தபடி இறங்க வேண்டும். அது ஆயிற்று. அடுத்து, கவிழ்ந்து கிடக்கும் லைஃப் ராஃப்ட்டை, அதாவது காற்றடைத்த உயிர்காப்பு மிதவையை, நிமிர்த்த வேண்டும். எரிவாயுச் சிலிண்டர் இருக்கும் பக்கத்தில் ஏறி நின்று, அடிப்பக்கப் பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் மொத்த ராஃப்ட்டும் எழும்பி நம் தலைமேலேயே விழும். விழுந்தது. உள்ளே இருட்டு. எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. மேலே கை வைத்துத் தள்ளினால் கொஞ்சம் காற்றுக்கு இடம் கிடைக்கும், மல்லாந்தபடியே வெளியே வர வேண்டும் என்று காலையில் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். தண்ணீருக்குள் அந்த நோட்டு ஞாபகம் வந்தது, அதில் இருந்த வரி வரவில்லை. பயிற்சியாளர் காலைப் பிடித்து இழுத்தார். மறுபடி செய்யச் சொன்னார். மூன்றாவது தடவைதான் நானாக வந்தேன். அதுவும் அலையில்லாத, வெளிச்சமான ஒரு குளத்தில்.

இப்போது கொடைக்கானல் அண்ணனுக்கு. ஏரி ஜாக்கெட்டும் கடல் ஜாக்கெட்டும் ஒன்று இல்லை. எவ்வளவு தூக்கிப் பிடிக்கும் என்று உள்ளே நியூட்டன் கணக்கில் எழுதியிருக்கும். 50 என்றால் நீச்சல் தெரிந்தவருக்குத் துணை, அவ்வளவுதான். கரையைவிட்டுப் போகிறவருக்கு 150 வேண்டும், மயங்கினாலும் முகத்தை மேலே திருப்ப அதுதான் முயலும். அதிலும் தொடை இடுக்கு வழியாக ஒரு பட்டை போகும். அதைக் கட்டாவிட்டால் உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் நடக்கும். தானாக ஊதும் வகையில் உள்ளே இருக்கும் வாயுச் சிலிண்டர் மரை தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது கையால் முறுக்கிப் பார்க்க வேண்டும். பார்க்கிறவர் பத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

சொல்ல ஆரம்பித்துவிட்டேன், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈபெர்ப் என்ற அபாய அறிவிப்புக் கருவி, 406 மெகாஹெர்ட்ஸ். செயற்கைக்கோள் வழியாகப் போகும். வாங்கினால் மட்டும் போதாது, உங்கள் படகின் பெயர், வீட்டு நம்பரோடு பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாததும் கத்தும், ஆனால் கத்துவது யார் என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும். பேட்டரிக்குத் தேதி உண்டு. உதவி கேட்டுக் கொளுத்தும் கைத்தீப்பந்தம், பாராசூட் ராக்கெட் இவற்றுக்கும் தேதி உண்டு, தீபாவளி மத்தாப்பு மாதிரி அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்க முடியாது. அபாய அழைப்புக்கு விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆவது சேனல். அது நேர்க்கோட்டில்தான் போகும், இருபது கடல்மைலுக்கு அப்பால் யாருக்காவது கேட்கும் என்று நம்ப வேண்டாம். 'மேடே' என்ற அபாயச் சொல் மூன்று தடவை, படகின் பெயர், எங்கே, என்ன ஆபத்து, எத்தனை பேர். இதை அட்டையில் எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்தப் பெயரே வராது.

முக்கியமான ஒன்று. படகை அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள். 1979 ஆகஸ்ட்டில் இங்கிலாந்துப் பக்கம் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயம், 303 படகுகள் கிளம்பின. நடுவில் புயல். 15 பந்தய மாலுமிகள் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள், அவற்றில் மூழ்கியது ஐந்துதான். மற்றவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. ராஃப்ட்டுக்குள் போனவர்களில் சிலருடைய ராஃப்ட் கிழிந்துபோனது. அதற்கப்புறம்தான், "ராஃப்ட்டுக்குப் போவதென்றால் கீழே இறங்கிப் போகாதே, மேலே ஏறிப் போ" என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். படகு அவ்வளவு தூரம் முங்கிய பிறகு போ என்று அர்த்தம்.

கடலில் விழுந்தவரைத் திரும்பிப் போய் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்குக் கணக்கு: 6 நாட், அதாவது மணிக்கு ஆறு கடல்மைல் வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் போய்விடும். அலைக்கு நடுவே ஒரு தலை என்பது தேங்காய் அளவு. ராத்திரியில் அதுவும் இல்லை.


பூம்பாறை பூண்டு

கப்பல்காரரே, உங்கள் கதை ஒரு கிலோமீட்டர், அறிவுரை கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரைக்கும் போகிறது. நடுவில் டீ குடிக்க நிறுத்தியிருக்கலாம்.


கூடலூர் வாத்தியார்

எனக்கு இந்தக் கருவிப் பட்டியல்மேல் கொஞ்சம் கோபம். பணம் இருக்கிறவன் விளையாட்டாகக் கடலுக்குப் போகிறான், அவனுக்கு இத்தனை பேச்சு. பிழைப்புக்காகத் தினமும் போகிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். என் மனைவி ஊர் அங்கேதான்.

கல்யாணமான புதிதில் மச்சான் என்னை ஃபைபர் படகில் கூட்டிப் போனார். விடியற்காலை நாலு மணி. அவர் கிளம்பும் முன் கால் மணி நேரம் மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பீடிகூடப் பற்றவைக்கவில்லை. காற்றை வாடை, கச்சான், சோழகம் என்று சொந்தக்காரர்களைப் போலப் பெயர் சொல்லிப் பேசுவார். உள்ளே ரொம்ப தூரம் போய், வலை போட்டு, வாங்கி முடித்தபோது உச்சி வெயில். இன்ஜினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, கரை எந்தப் பக்கம்?" என்றார்.

நான் நாடுகாணிக் காட்டில் வளர்ந்தவன். திசை தெரியாமல் போனதே கிடையாது. தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் ஊர் என்பது எங்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. அங்கே நின்று சுற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் இறக்கம் இல்லை. ஏற்றமும் இல்லை. வெயில் தலைக்கு மேலே, நிழல் காலடியில். காலின் அடியிலேயே இனம் தெரியாத பயம். ஏதோ ஒரு பக்கம் கை காட்டினேன். மச்சான் சிரிக்கவில்லை. "அப்படியே போனா மாலத்தீவு" என்று சொல்லிவிட்டு இன்ஜினைப் போட்டார்.

அதனால் சொல்கிறேன், ஆயிரம் சாமான் வாங்கினாலும் கடலைப் படிக்கத் தெரியாதவன் போகக் கூடாது.


கோத்தகிரி கப்பல்காரன்

வாத்தியாருக்கு ஒரே கேள்வி. உங்கள் மச்சான் அன்றைக்கு லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாரா?


கூடலூர் வாத்தியார்

இல்லை. போட்டால் வலை இழுக்கும்போது கொக்கியில் மாட்டும் என்பார். உட்காரும் பலகைக்கு அடியில் இருந்தது.

நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று தெரிகிறது. 2017 நவம்பர் 29 ராத்திரி ஓக்கிப் புயல் வந்தது. பல நாள் தங்கல் படகுகள் எல்லாம் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டன. எச்சரிக்கை கரைக்குத்தான் வந்தது, அவர்களுக்குப் போய்ச் சேர வழியில்லை. கடலைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் அவர்களும். மச்சான் இன்ஜின் பழுதால் கரையில் இருந்தார். அவருடைய தெருவில் மூன்று வீடு.

இப்போது இஸ்ரோ வடிவமைத்த அந்த அபாயக் கருவி அவர் படகில் இருக்கிறது. ஜாக்கெட் இன்னும் பலகைக்கு அடியில்தான். சொல்லிப் பார்த்துவிட்டேன். சரி, என் பேச்சில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதிதான்.


தேயிலைத்தோட்டத்துப் பேத்தி (கோத்தகிரி)

தலைப்புக்குள் வருமா தெரியவில்லை. எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்தது. சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு 'ராமானுஜம்' கப்பலில். ஆச்சி ஹட்டன் பக்கம் மலைத்தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், கடலை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தாராம். அம்மாவுக்கு அப்போது நாலு வயது.

கப்பல் ஆட ஆரம்பித்ததும் ஆச்சி தன் சேலை முந்தானையை எடுத்து அம்மாவின் இடுப்பில் இரண்டு முடிச்சுப் போட்டார். மற்றவர்கள் கேலி செய்திருக்கிறார்கள், இவ்வளவு பெரிய கப்பலில் பிள்ளை எங்கே போய் விழும் என்று. ஆச்சி அவிழ்க்கவே இல்லை. மண்டபம் முகாமில் வரிசையில் நின்றபோதும் அந்த முடிச்சோடுதான் நின்றார்களாம். பேர் பதிகிற அதிகாரி, "அம்மா, கரைக்கு வந்துட்டீங்க" என்று சொன்ன பிறகுதான் அவிழ்த்தார்.

அம்மா இன்றைக்கும் பஸ்ஸில் போனால் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான்.


சிம்ஸ்பூங்கா பக்கத்து வீடு (குன்னூர்)

தலைப்புக்குள் வராமல் எப்படி? ஆச்சிக்கு வீடியோ பார்க்காமலே தெரிந்திருக்கிறது.


வெலிங்டன் பென்ஷன்காரர்

நான் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசியாக வேலை பார்த்தது வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில், பிறகு இங்கேயே தங்கிவிட்டேன். ஆறாயிரம் அடி உயரத்தில் கடற்படைக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்காதவர் இந்த ஊரில் இல்லை.

அதனாலோ என்னவோ, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் தேடி வந்தான். அருவங்காடு, கோவையில் ஐ.டி. வேலை. கடல் பயணம் போக ஒரு பட்டியல் போட்டிருந்தான், 114 சாமான். அதில் எதைச் சேர்க்கலாம் என்று கேட்டான். பட்டியலில் குறையே இல்லை. நானே அவ்வளவு ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டேன். "ஞாயிற்றுக்கிழமை ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வா" என்றேன்.

மசினகுடி பஸ், கல்லட்டி வழி. 36 கொண்டை ஊசி வளைவு. கடைசி சீட்டில் உட்கார வைத்து, கையில் ஒரு நோட்டும் சின்ன திசைகாட்டியும் கொடுத்தேன். ஒவ்வொரு வளைவிலும் நேரம், வளைவின் எண், பஸ்ஸின் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது, மூன்றையும் எழுத வேண்டும். தலையைக் குனிந்து எழுத வேண்டும், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கடலில் வரைபட மேசை அப்படித்தான் இருக்கும்.

ஒன்பது வரைக்கும் அழகாக எழுதினான். பதினொன்றில் கையெழுத்து கோணியது. அப்புறம் பையைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டான். ஆனால் விடாப்பிடியான பையன். நோட்டை மட்டும் விடவில்லை. பைக்குள்ளிருந்தே, "ஐயா, இது எத்தனையாவது வளைவு?" என்றான். அது பதினேழு. நான் வேண்டுமென்றே "இருபத்து மூணு" என்றேன். எழுதிக்கொண்டான். பதினொன்றுக்கு அடுத்து இருபத்து மூன்று. அவனுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

கீழே இறங்கி டீ குடித்தபோது நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் செத்துப்போனது. நான் அப்படிச் செய்திருக்க வேண்டாமோ என்று இப்போதும் நினைக்கிறேன். பொய் சொல்லாமலே புரிய வைத்திருக்கலாம். அதற்கப்புறம் அவன் என்னைப் பார்க்க வரவில்லை, பட்டியலும் என்னிடமே கிடக்கிறது.

வாந்தி வருவது அவமானம் இல்லை. முப்பது வருடம் கடலில் இருந்தவர்களுக்கும் முதல் நாள் வரும். ஆபத்து வயிற்றில் இல்லை, தலையில். அந்த நிலையில் இருக்கிறவன் யார் எதைச் சொன்னாலும் நம்புவான், கொக்கி மாட்ட மறப்பான், குன்னூர்த் தம்பி மாதிரி வாளி இருக்கும்போது கம்பிக்கு ஓடுவான். மாத்திரை போடுவதென்றால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். அவோமின் மாதிரி மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும், அதனால் உங்களுக்கு எப்படி என்று கரையிலேயே ஒரு நாள் பார்த்துவிடுங்கள். தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் வாய் வாயாக. கண் தொடுவானத்தில்.

கப்பல்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அபிலாஷ் டோமி என் படைக்காரர், 2012-13-இல் தனியாக, எங்கும் நிற்காமல் உலகத்தைச் சுற்றியவர். அவரைவிடத் தயாரான ஆள் நம் நாட்டில் கிடையாது. 2018 செப்டம்பரில், தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் பந்தயத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் அவர் படகைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் அடி. எழுந்து நடக்க முடியவில்லை. ஒரு சாட்டிலைட் போன் அவசரப் பையில் இருந்தது, பை இருந்த இடத்துக்கு அவரால் போக முடியவில்லை. கைக்கு எட்டியது ஒரு குறுஞ்செய்திக் கருவி. அதில்தான் தட்டினார். மூன்று நாள் கழித்து 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து எடுத்தது. அதே மனிதர் மறுபடி போய் 2023-இல் அந்தப் பந்தயத்தை இரண்டாவதாக முடித்தார், அது வேறு கதை. நான் சொல்வது அந்தப் பையைப் பற்றி. பையில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பேசுகிறோம். கால் முறிந்தவன் படுத்தபடி கை நீட்டினால் எட்டுமா என்று யாரும் படுத்துப் பார்ப்பதில்லை.

அப்புறம் நம் பக்கத்துப் பெண், புதுச்சேரி ரூபா. அவரும் கடற்படை அதிகாரி. இன்னொரு அதிகாரி தில்னாவோடு சேர்ந்து இரண்டே பேராக 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றினார். 2024 அக்டோபர் 2 கோவாவில் கிளம்பி 2025 மே மாதக் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். எட்டு மாதம். அதற்கு முன்னால் பயிற்சி மூன்று வருடம். ஒரு வாரம் ஏரியில் அல்ல.

கொடைக்கானல் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையன்கள் எந்தத் தேதி கிளம்புகிறார்கள், படகு என்ன நிறம், எப்போது போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் எத்தனை நாள் கழித்து யாரைக் கூப்பிட வேண்டும், இதையெல்லாம் கரையில் யாரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார்களா? அப்படி ஒருவர் இருந்தால்தான் கடலோரக் காவல்படைக்கு, 1554 நம்பருக்கு, போன் போகும். இல்லாவிட்டால் அவர்களைக் காணோம் என்பதே யாருக்கும் தெரியாது.


ஏரிச்சாலை சைக்கிள் கடை (கொடைக்கானல்)

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். சொன்னார்கள். பொங்கல் கழிந்து கிளம்புகிறோம், படகு நீலம், பன்னிரண்டு நாளில் போர்ட் பிளேர் என்று. "வீட்டுல சொன்னா விட மாட்டாங்க, அதனால யார்ட்டயும் சொல்லலண்ணே, உங்ககிட்ட மட்டும்தான்" என்றான் குள்ளமானவன். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

அப்படியென்றால் நீங்கள் சொல்லும், கரையில் இருக்கிற அந்த ஆள் நான்தானா?


பூம்பாறை பூண்டு

அண்ணே, நம்பர் வாங்கியிருப்பீங்களே? சைக்கிள் கொடுத்தால் நோட்டில் நம்பர் எழுதுவீங்க. என்னிடமே வாங்கினீங்க.


ஏரிச்சாலை சைக்கிள் கடை (கொடைக்கானல்)

போன வருட நோட்டு. சீசன் முடிந்தால் கட்டி மச்சில் போடுவது வழக்கம். எலி கடித்திருந்தால் போச்சு. பார்க்கிறேன்.


ஏரிச்சாலை சைக்கிள் கடை (கொடைக்கானல்)

நோட்டு கிடைத்தது. இரண்டு சைக்கிள், 7.10, ஒரு நம்பர். கடைசி நாள் வரியில் பாக்கி 60 என்று போட்டிருக்கிறேன். ஜாக்கெட் வேடிக்கையில் காசு வாங்க மறந்திருக்கிறேன்.

இரண்டு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. மத்தியானம் அவர்களே கூப்பிட்டார்கள். ஒரு அம்மா. பையனின் அம்மா போலிருக்கிறது. இது பையன் முன்னே வைத்திருந்த நம்பராம், இப்போது அவர் வைத்திருக்கிறார். நான் கொடைக்கானல் சைக்கிள் கடை, தம்பி எப்படி இருக்கிறார் என்றேன். "நல்லா இருக்கான். பெங்களூருல வேலை. நேத்துக்கூட பேசினான்" என்றார்.

எனக்கு உட்கார வேண்டும் போல் ஆகிவிட்டது. உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்காமல், "கடலுக்குப் போறதா சொன்னாரும்மா" என்றேன்.

"கடலா? எந்தக் கடல்?" என்றார்.

போனார்களா, பாதியில் திரும்பினார்களா, படகை விற்றுவிட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாவிடம் எப்படிக் கேட்பது? "ஒண்ணுமில்லம்மா, சைக்கிள் வாடகை பாக்கி அறுபது ரூபா, அதான்" என்று சமாளித்தேன். "ஐயோ, மன்னிச்சுக்குங்க தம்பி" என்று சொல்லி அப்போதே ஜிபேயில் போட்டுவிட்டார்.